ஜவ்வரிசிக் களத்தில் தள்ளிய பந்து

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டு டிவியில் ஹாக்கி நின்றுவிடும். எனக்குக் கிடைக்கிற சேனல்களில் அப்போது எல்லாமே கிரிக்கெட்தான். என் வயதை ஒட்டிய உங்களுக்கெல்லாம் முழங்கால் வலிக்கிற மாதம், வலிக்காத மாதம் என்று கணக்கு இருக்கும். எனக்கு ஹாக்கி இருக்கிற மாதம், இல்லாத மாதம் என்று ஒன்று கூடுதலாக உண்டு.

இல்லாத மாதங்களில் பேரன் போட்டுக் கொடுத்த பழைய ஆட்டங்களைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் ஜெயித்தார்கள், கடைசி நிமிடத்தில் யார் கோட்டை விட்டார்கள், எல்லாம் தெரியும். ஆனாலும் கோலுக்கு முன்னால் போட்டிருக்கிற அரைவட்டமான 'டி'க்குள் பந்து நுழைந்தால் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடிவதில்லை. போன வாரம் அப்படித்தான் எழுந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தே, அவங்க போன வருசமே ஜெயிச்சிட்டு வூட்டுக்குப் பூட்டாங்க. இன்னும் எதுக்குக் கத்திக்கினு கீறீங்க?"

"எனக்கு இன்னும் முடியலம்மா" என்றேன்.

உண்மையிலேயே முடியவில்லை. மேட்ச் இல்லாத கோடையில்தான் நான் ஹாக்கியையே கற்றுக்கொண்டேன். அந்தக் கோடையைச் சொல்லாமல் விட்டால் என் ஆர்ப்பாட்டம் உங்களுக்குப் புரியாது.

அப்போது நாங்கள் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சேகோ ஆலையின் லைன் வீட்டில் இருந்தோம். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்குகிற மாவை எடுத்து ஜவ்வரிசியாக்குகிற ஆலை. அம்மா களத்தில் கூலி வேலை. அப்பா களத்து மேஸ்திரி. வானத்தைப் பார்த்து, இன்றைக்கு ஈர மாவைக் காயப் போடலாமா கூடாதா என்று சொல்வது அவர் பொறுப்பு. களம் என்றால் நெல்லடிக்கிற மண் களம் இல்லை. சிமெண்டு பூசிய தரை. ஓரத்தில் நின்று பார்த்தால் எதிர் ஓரத்தில் நிற்கிற ஆள் பொம்மை மாதிரி தெரிவார். சீசனில் அது முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். வெறும் கண்ணால் பார்க்க முடியாது, கூசும். நீண்ட கழியின் நுனியில் குறுக்கே அடித்த பலகையால் அம்மாவும் மற்றப் பெண்களும் மாவைத் தள்ளித் தள்ளிப் பரப்புவார்கள். அதைப் 'பலகை போடுவது' என்போம். புளித்த வாடை வீட்டுத் துணி, தலையணை எல்லாவற்றிலும் இருக்கும். அந்த வாடை இன்றைக்கு எங்காவது வந்தால் எனக்குப் பசிக்கும்.

கோடையில் கிழங்கு வரத்து நின்றுவிடும். ஆலை மூடிக் கிடக்கும். களம் காலி. அவ்வளவு பெரிய மழமழப்பான தரை, மேலே ஒரு பருக்கைகூட இல்லாமல்.

அந்த வருடம் பள்ளி மூடுகிற வாரத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு கட்டு ஹாக்கி மட்டை வந்திறங்கியது. டிரில் சார் ஒன்றை உருவிக் காட்டினார். அக்கா எட்டாம் வகுப்பு, நான் ஐந்து. இரண்டு பேரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தோம். "ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்ததும் பொண்ணுங்க டீம் எடுப்பேன், பதினோரு பேரு" என்று சொல்லிவிட்டு, மட்டைகளைச் சோதனைச்சாலை அறையில் வைத்துப் பூட்டினார். பூட்டினதோடு எங்கள் தூக்கமும் போயிற்று.

அக்காவுக்கு அது வெறும் ஆசை இல்லை. எட்டு முடித்ததும் அவளைக் களத்தில் இறக்கிவிடலாம் என்று அம்மா முன்பே பேசி முடித்திருந்தாள். பலகை போட ஆள் கம்மி என்று ஆலையிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அழவில்லை. அப்பா சாப்பிடுகிற நேரமாகப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, நான் டீம்ல வந்துட்டா ஒம்பதாவது போலாமா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னா டீமு?" என்றார்.

"ஹாக்கி."

"மாடு மேய்க்கிறவன் கொம்ப வெச்சிக்கினு ஆடுவானே, அதா?"

"ஆமா, அதேதான்" என்றாள் அக்கா.

"சரி. பதினொண்ணுல உம்பேரு வந்தா பள்ளிக்கூடம் போ. வல்லன்னா பலகை புடி. அப்பறம் மூஞ்சத் தூக்கக் கூடாது."

அப்பா சொன்னால் சொன்னதுதான். அம்மா தண்ணீர்ச் செம்பைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தாள்.

எங்களுக்குத் தெரிந்த ஹாக்கி மொத்தமும் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, டீக்கடையில் பஜ்ஜி சுற்றிக் கொடுத்த பேப்பரில் இருந்த ஒரு படம். ஒருவர் ஏறக்குறைய மண்டி போட்டு, மட்டையைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து நின்றார். எண்ணெய் பட்டுப் படம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. இன்னொன்று, சித்தப்பாவின் டிரான்சிஸ்டர். சித்தப்பா கிழங்கு லாரி டிரைவர். மலைக்கும் ஆலைக்கும் ஓட்டுகிறவர். ராத்திரி வண்டியில் தூங்காமலிருக்க ரேடியோ கேட்பார். ஹாக்கி வர்ணனை இந்தியில் வந்தாலும் விடமாட்டார். ஒரு சொல்லும் புரியாது. "புரிஞ்சா நிதானமாயிடுவேன். புரியலன்னாத்தான் பதட்டமா, நல்லாக் கீது" என்பார். இப்படி யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால் எனக்கு ஆயுசுக்கும் மறக்காது.

மலைமேல் கரியாலூரிலிருந்து இறங்கும்போது நுனி வளைந்த கொம்பாகப் பார்த்து ஆறேழு கொண்டுவந்து போட்டார். மலைக்காரர்கள் வெட்டிக் கொடுத்ததாம். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துப் போட்டு நாங்களே பந்து செய்தோம். களத்துக்கு அப்பாவிடம் உத்தரவு வாங்க வேண்டும். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"செருப்புப் போடக் கூடாது. கொம்ப முட்டிக்கு மேல தூக்கக் கூடாது. ஓங்கி ஒரு அடி அடிச்சா சிமெண்டு பேந்துடும். பேந்த எடத்துல ஈரம் தங்கினா மாவு பூசணம் புடிச்சிப் பூடும். மொதலாளி எங்கிட்டதான் கேப்பாரு."

"அடிக்காம எப்பிடிப்பா ஆடறது?"

"தள்ளு. உங்கம்மா எத்தினி மூட்டை மாவ அடிச்சா பரப்புறா? தள்ளித்தான."

அந்த எண்ணெய்ப் படத்திலும் மட்டை தரையோடுதானே இருந்தது? ஆகவே ஹாக்கி என்றால் தள்ளுவது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தக் கோடை முழுக்க, வெறுங்காலோடு, முட்டிக்கு மேல் கொம்பு ஏறாமல், நாங்கள் ஆடியதுதான் உலகத்து ஹாக்கி.

வெயில் ஏறினால் களத்தில் கால் வைக்க முடியாது. தோசைக்கல்தான். அதனால் விடிகிற நேரத்தில் ஓர் ஆட்டம், பொழுது சாய்ந்து தரை கொஞ்சம் ஆறியதும் ஓர் ஆட்டம். லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். நான் கோலி, கோல் காக்கிறவள். கிழிந்த சாக்கை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சுற்றிச் சணலால் கட்டிக்கொள்வேன். நடந்தால் சரக் சரக்கென்று கேட்கும். மட்டை இல்லை, எனக்கு முறம். ரேடியோவில் ஹாக்கி இல்லாத காலம் என்பதால் சித்தப்பாவே வர்ணனை. நின்றுகொண்டிருக்கிற லாரியின் கேபின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

"இதோ பெரியவ எடுத்துக்கினு போறா, போறா, போய்க்கினே கீறா, தடுக்க ஆளே இல்ல, குறுக்க ஒரு நாயி வருது, நாயையும் தாண்டிட்டா. கோலி முறத்தப் புடிச்சிக்கினு நிக்கிறா. கோலிக்கு ஒதறுது."

"எனக்கு ஒண்ணும் ஒதறல சித்தப்பா."

"கோலி எதுத்துப் பேசறா. அதுக்குள்ள பந்து உள்ள பூட்ச்சி."

போய்த்தான் இருக்கும். அக்கா பந்து அனுப்புவதே தெரியாது. பலகை போடுகிற அம்மாவைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு உடம்பிலேயே அது இருந்தது. பக்கவாட்டாக நிற்பாள். ஒரு காலை நீளமாக முன்னே வைப்பாள். இடுப்பை இறக்கி, பின்னாலிருந்து பந்தைக் கொம்பின் வளைவில் ஒட்டவைத்து இழுத்துக்கொண்டே வந்து, கடைசியில் மணிக்கட்டை ஒரு திருப்பு. ஈர மாவுக் குவியலை எட்டத்தில் விசிறுகிற அதே திருப்பு. சர்ரென்று சிமெண்டில் ஒரு இழைப்பு மட்டும் கேட்கும். அப்புறம் பந்து எழும்பி என் காதோரமாகப் போகும். மற்றவர்கள் தள்ளினால் தொப்பென்று ஒரு சத்தம் வரும், நான் விழித்துக்கொள்வேன். அக்காவின் பந்துக்குச் சத்தமே கிடையாது. உள்ளே போனபிறகுதான் போய்விட்டது என்று தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் முதலாளி ஆலையைப் பார்க்க வந்தார். தூரத்திலிருந்து பார்த்தவருக்குக் குனிந்த தலைகளும் தரையைத் தேய்க்கிற கொம்புகளும்தான் தெரிந்திருக்கின்றன. அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. முதலாளி மகிழ்ந்துபோய், "பரவால்ல மேஸ்திரி, லீவுலகூடப் புள்ளைங்க சும்மா இல்லாம களத்தக் கூட்டுதுங்களே" என்றார். அப்பா, "ஆமாங்க" என்று ஒரே சொல்லில் தப்பித்தார். அன்று ராத்திரி அம்மா நெடுநேரம் சிரித்தாள். "மொதலாளிக்குக் கூட்டறதுக்கும் ஆடறதுக்கும் வித்தியாசம் தெரியல, நம்மள வெச்சி ஆலை நடத்துறாரு."

ஜூன் வந்தது. பள்ளி திறந்த வாரமே, மலையில் தாமதமாகப் பிடுங்கிய கிழங்கு வந்து இறங்கியது. கொண்டுவந்தது எங்கள் சித்தப்பாதான். "நம்ம கிரவுண்ட நானே மூடிட்டன்" என்று முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். களம் மறுபடி வெள்ளையாயிற்று. அம்மா அக்காவிடம், "உங்க சார் ஆளெடுக்கிற அன்னிக்கி நான் வரன். பேரு வந்தா சரி, வல்லன்னா அப்படியே களத்துக்குக் கூட்டிக்கினு போறன். ரெண்டு நட எதுக்கு?" என்றாள். அவள் பேச்சு அப்படித்தான், நேராக இருக்கும்.

பள்ளி மைதானம் ஏரிக்கரையை ஒட்டியது. கல்லும் கோரைப்புல் கட்டையும். அக்கா முதல்முறையாக நிஜ மட்டையைப் பிடித்தாள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளைப் பந்து எங்கள் டியூப் பந்தைவிடக் கனம். டிரில் சார் விசில் ஊதியதும் மற்றப் பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கி விளாசினார்கள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன்மார் இருக்கிற வீட்டுப் பெண்கள், ஆண்கள் பள்ளிக்காரர்கள் ஆடுவதைப் பார்த்தவர்கள். 'அய்யோ, சிமெண்டு பேந்துடுமே' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அக்காவின் முறை வந்தது. பக்கவாட்டாக நின்று தள்ளினாள். பந்து இரண்டு முழம் போய் ஒரு கல்லில் முட்டி நின்றது. மறுபடி தள்ளினாள். கோரைக் கட்டையில் சிக்கிக்கொண்டது.

"தூக்கி அடிம்மா" என்றார் சார்.

அக்கா மட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முட்டி வரை வந்தது. அதற்கு மேல் அவள் கை ஏறவில்லை. ஒரு கோடை முழுக்க ஏறாமல் பழகிய கை.

"என்னம்மா பண்ற? வாசல் கூட்டுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சார் மோசமானவர் இல்லை. சிரிப்புக் காட்டித்தான் பேசுவார், எங்களுக்கும் பிடிக்கும். அவரே வாலிபால்காரர். மட்டை வந்துவிட்டதால் ஹாக்கிக்குத் தாவியவர். அந்தக் கல்லாந்தரையில் தள்ளினால் பந்து போகாது என்று அவர் நினைத்ததும் தப்பில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு கேட்ட நேரத்தில் வேப்பமரத்தடியில் அம்மா நின்றிருந்தாள். களத்திலிருந்து நேரே வந்தவள். முழங்கை வரை மாவு காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். களத்துக்குப் போக வேண்டியதுதான் என்று மட்டையைக் கீழே வைக்கக் குனிந்தாள்.

"வெக்காத" என்றாள் அம்மா.

மரத்தில் சாய்த்து வைத்திருந்த பள்ளிக்கூடத்துத் தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடு மைதானத்துக்கு வந்தாள். "சார், கூட்டறதுன்னு சொன்னீங்களே. மொதல்ல கூட்டிடறன். அப்பறம் தள்ளச் சொல்லுங்க."

சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அம்மா அக்கா நின்ற இடத்திலிருந்து கோல் கம்பம் வரை ஒரு பாதை கூட்டினாள். மாவு கொட்டுவதற்கு முன் களத்தைக் கூட்டுவாளே, அதே கூட்டல். ஒரு கல் விடவில்லை. கோரைக் கட்டையைக் காலால் மிதித்துப் பிடுங்கி எறிந்தாள். புழுதி எழும்பியது. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். கோலில் நின்றவள் ஒன்பதாம் வகுப்பு, என்னைவிட இரண்டு மடங்கு உயரம், காலில் நிஜ அட்டைக் காப்பு. நான் அவளைப் பார்த்து, 'சத்தம் வரும்னு காத்திருக்காத' என்று சொல்ல நினைத்தேன். எதிர்க்கட்சிக்கு எதற்குச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா ஓரமாக நகர்ந்து துடைப்பத்தைத் தரையில் ஊன்றி நின்றாள். அக்கா பக்கவாட்டாக நின்றாள். கால் நீண்டது. இடுப்பு இறங்கியது. சர்ரென்று ஓர் இழைப்பு.

கோலி அசையவே இல்லை. பின்னால் வலை கிடையாது, வேலிதான். வேலியில் பந்து மோதி முள்ளில் தங்கியபிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கத்திய கத்தல் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

சார் தாடையைத் தடவினார். "நல்லாத்தான்மா போச்சு. ஆனா அடிச்சாத்தான் கோலு. இப்பிடித் தள்ளி உள்ள வுட்டா கணக்குல வராது."

"உள்ள பூட்ச்சா இல்லியா சார்?"

"போச்சு."

"அது போதும் எனக்கு" என்றாள் அம்மா. துடைப்பத்தை எடுத்த இடத்திலேயே சாய்த்து வைத்தாள்.

சார் பதினோரு பெயர் படித்தார். அக்கா பெயர் இல்லை. கலைந்து போகிற நேரத்தில் அம்மாவைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், "பன்னெண்டாவதா ஒரு ஆளு இருக்கட்டும். தண்ணி குடுக்க, பந்து எடுத்துப் போட" என்று அக்காவைக் காட்டினார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு என்பது பதினொன்றில் சேராது என்று எனக்கே தெரியும். அப்பா களத்து ஓரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வந்துச்சா?"

"பன்னெண்டாவதுப்பா" என்றாள் அக்கா.

"நான் சொன்னது பதினொண்ணு."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அக்காவுக்காக எடுத்து வைத்திருந்த பலகையைத் தன் பலகையோடு சேர்த்துத் தூக்கினாள். "இந்தப் பலகைய நானே தள்ளிக்கிறன். அவ அங்க போய்ப் பந்தத் தள்ளட்டும். அவ தள்ளி நீ பாக்கல. நான் பாத்தன்" என்றாள். பதிலுக்கு நிற்காமல் மாவுக்குள் இறங்கிவிட்டாள். அப்பா அவள் போவதையே பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். வானம் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மறுநாள் அக்கா ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள்.

அவள் பெரிய ஆட்டக்காரி ஆகவில்லை. ஒரு வருடம் தண்ணீர்தான் கொடுத்தாள். மறு வருடம் ஒருத்தி காலைச் சுளுக்கிக்கொள்ளவும் உள்ளே இறங்கினாள். அதற்குள் ஓங்கி அடிக்கவும் கற்றிருந்தாள். அன்று தோற்றுத்தான் வந்தார்கள். ஆனால் பத்து வரை படித்தாள், ரிஷிவந்தியம் பக்கம் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டாள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று. அடுத்த கோடையில் ஆலை மூடியதும், நாங்கள் கேட்காமலே அப்பா, வீணாய்ப்போன மாவை ஒரு வாளியில் கரைத்து எடுத்துவந்தார். எண்ணெய்க் கறை பேப்பரை என்னிடம் கேட்டு வாங்கி, அதில் அந்த ஆட்டக்காரருக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த வளைகோட்டைப் பார்த்துப் பார்த்து, சிமெண்டுத் தரையில் வெள்ளையாக ஒரு டி போட்டார். கொஞ்சம் கோணல். அதைவிட அழகான டியை நான் எந்த நாட்டு மைதானத்திலும் பார்த்ததில்லை.

இப்போது டிவியில் பெனால்டி கார்னர் வந்தால் நீங்கள் பாருங்கள். கோலைப் பார்த்துப் பந்தை அனுப்புகிறவர்கள் எல்லோரும் பக்கவாட்டாக நிற்கிறார்கள், காலை நீட்டுகிறார்கள், இடுப்பை இறக்குகிறார்கள், இழுத்துக்கொண்டே வந்து மணிக்கட்டைத் திருப்புகிறார்கள். அது கோலாகத்தான் கணக்கில் வருகிறது. அப்படி ஒன்று உள்ளே போன அடுத்த நிமிடம் என் போன் அடிக்கும். அக்காதான். ஹலோகூடச் சொல்லமாட்டாள். "கூட்டிட்டான் பாத்தியாடி?" என்பாள்.

மேட்ச் இல்லாத மாதங்களில் அந்தப் போன் வராது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மருமகள் கிண்டல் செய்த அன்றைக்கு அவள் போனை வாங்கி, வீடியோ காலில் நானே அக்காவை அழைத்தேன்.

"அக்கா, கூட்டிட்டான்."

"இன்னாடி சொல்ற? இப்ப ஏது மேட்சு?"

"போன வருசத்துது."

அந்தப் பக்கம் அவள் மின்விசிறியை நிறுத்துகிற ஓசை கேட்டது. பிறகு, "கெடக்கட்டும். எந்தப் பக்கமா உள்ள பூட்ச்சி?" என்றாள்.

"கோலி காதோரமா."

"சத்தம் வந்துச்சா?"

"வல்லக்கா."

"அப்ப சரி" என்றாள். "இன்னொரு வாட்டி போடு. இந்தப் போனத் திருப்பி ஆட்டத்துக்கு நேரா புடி, நானும் பாக்கறன்."